ஆரோக்கியமானவர் எண் மூன்று

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரர் மாதிரி அப்படியே இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? உன் கண்ணாடிக் கடைக்கு ஆட்கள் வருகிறார்களா, இல்லை எல்லாருக்கும் கண் தெளிந்துவிட்டதா?

ஒரு செய்தி. நான் மருத்துவமனையில் பெரியப்பாவின் துறையிலேயே டாக்டராகச் சேர்ந்துவிட்டேன். "வெளியே எதுக்கும்மா அலையிற, நம்ம துறையிலேயே இடம் இருக்கு" என்றார். அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்தவர், தன் வீட்டு மாடியில் எங்களைக் குடிவைத்தவர். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

வேலை என்னவென்று சொல்கிறேன். ரத்தத்தைக் குழாயில் அசையாமல் வைத்தால் சிவப்பு அடியில் தங்கி, மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்கும். அதுதான் பிளாஸ்மா. ஒரு நோயாளியின் உடம்பில் அது எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பழைய வழி, ஒரு கையில் நீலச் சாயம் ஏற்றி, கொஞ்ச நேரம் கழித்து மறு கையில் ரத்தம் எடுத்து, சாயம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று பார்ப்பது. ஒரு அண்டாவில் ஒரு சொட்டு மை விட்டுத் தண்ணீரின் அளவைக் கணக்கிடுவது போலத்தான். இன்னொரு வழி பெரியப்பாவின் சூத்திரம். உயரம், வீங்குவதற்கு முன்பிருந்த எடை, ரத்தத்தில் சிவப்பணு எத்தனை பங்கு என்று மூன்றையும் போட்டால் விடை வந்துவிடும். சாயம் வேண்டாம், இரண்டாவது ஊசி வேண்டாம். இரண்டு வழியும் ஒரே விடை தருகிறதா என்று இதய வார்டு நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.

வார்டின் நாற்றத்தைப் பற்றி எழுதினால் நீ கடிதத்தையே மூக்கைப் பிடித்துக்கொண்டு படிப்பாய். விட்டுவிடுகிறேன்.

பெரியப்பா ஒன்று சொன்னார். அந்தச் சூத்திரத்தை அவர் உருவாக்கிய காலத்தில் நீ அவருக்கு நிறைய உதவினாயாமே? என்னிடம் சொன்னதே இல்லையே!

அம்மா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

உன் தங்கை


ஜனவரி 27

தங்கைக்கு,

நான் சுகம். சித்தியின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மாடிப்படி ஏறி இறங்குவதைக் குறைத்துக்கொள்ளச் சொல். அவளுக்குக் கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி போட வேண்டும், எழுத்து தெரியவில்லை என்று போன வருஷமே சொன்னாள்.

கடை ஓடுகிறது. நேற்று ஒரு பெரியவர் வந்தார். "இது தெளிவா, அது தெளிவா?" என்று ஒவ்வொரு லென்சாக மாற்றி மாற்றிக் கேட்டேன். "நீங்க எது சொல்றீங்களோ அதும்மா" என்றார். "கண்ணு உங்களுது, நீங்கதான் சொல்லணும்" என்றேன். அரை மணி நேரம் போராடிய பிறகுதான் அவர் தன் கண்ணைத் தானே நம்பினார்.

சாயம் இன்னும் அதே நீலந்தானா? நோயாளிகளிடம் கேட்டுத்தான் ஏற்றுகிறீர்களா?

சித்தியைப் பார்த்துக்கொள். நீயும் வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்கா,

நலம். அம்மா ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறாள். கண்ணாடிக்கு நீ இங்கே வந்து பார்த்தால்தான் உண்டாம். பெற்ற தாய், பெரியம்மாவின் சாவுக்கே வந்து அன்று மாலையே திரும்பியவள், முழங்காலுக்காகவா வரப்போகிறாள் என்றும் சொன்னாள். கோபித்துக்கொள்ளாதே. உறவில் எல்லாரும் உன்னைக் கல்நெஞ்சுக்காரி என்றுதான் பேசுகிறார்கள். நான் மட்டும் உன் கட்சி.

நீ கேட்டதற்குப் பதில்: அதே நீலந்தான். கேட்டுத்தான் ஏற்றுகிறோம். அதாவது, "ஒரு சின்ன ஊசி, நல்லதுக்குத்தான்" என்று ஹெட் நர்ஸ் சொல்வார், அவர்கள் கையை நீட்டுவார்கள். அது கேட்பதுதானே? எழுதும்போது எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது.

புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். லாரி டிரைவர். இதயம் பலவீனமாகி இரண்டு காலும் தலையணை மாதிரி வீங்கியிருக்கின்றன. வாழ்க்கை முழுக்கப் புகை பிடித்தே ரத்தம் கெட்டிப்பட்டவர். வாய் மட்டும் ஓய்வதில்லை. உப்பு கூடாது, தண்ணீரும் அளந்துதான் என்று சொன்னேன். "உப்பத் தின்னவன் தண்ணி குடிப்பான்னு சொல்வாங்க டாக்டரம்மா. நான் ரெண்டும் இல்லாமயே ஊதிட்டேனே!" என்றார். வார்டு முழுக்கச் சிரித்தது.

பெரியப்பா சுற்றி வரும்போது அவருடைய முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்துவார். பள்ளம் விழும். விரலை எடுத்த பிறகும் அது ஈர மாவில் பதிந்த தடம் மாதிரி நிற்கும். "பாருங்க" என்று மாணவர்களைக் கூப்பிட்டு ஒவ்வொருவரையும் அழுத்தச் சொல்வார். தோலில் நீர் கசிந்து விரல் நனைந்தால் நோயாளியின் போர்வையிலேயே துடைத்துக்கொள்வார். டிரைவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. காலோடுதான் பேச்சு.

முதல் தடவை பார்த்தபோது எனக்குக் குமட்டியது. காலைப் பார்த்து இல்லை அக்கா, அந்தத் துடைப்பைப் பார்த்து. பெரியவர்களிடம் குறை காணக்கூடாது என்று என்னையே அதட்டிக்கொண்டேன்.

எழுது.

உன் தங்கை


மார்ச் 19

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வரவில்லை. உடம்பு சுகந்தானே? நான் எழுதியதில் ஏதாவது வருத்தமா? கல்நெஞ்சுக்காரி என்று எழுதியதற்காக என்றால் காதைப் பிடித்துக்கொள்கிறேன்.

இங்கே ஒரு விஷயம் என்னை அரிக்கிறது. யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் உன்னிடம்.

ஆய்வில் ஒவ்வொருவரையும் ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவை அளக்க வேண்டும். நடுவில், தேங்கிய நீரைச் சிறுநீராக இறக்கும் நீர் மாத்திரை கொடுக்கக்கூடாது, கொடுத்தால் அளவு மாறிவிடும். டிரைவருக்கும் நிறுத்தினோம். முதல் அளவில் சூத்திரம் "மூன்று லிட்டர், சரியான அளவு" என்றது. சாயம் நான்குக்கும் மேலே என்றது. ஒரு முழு லிட்டர் வித்தியாசம். சூத்திரம் சரியென்றால் மாத்திரை இல்லாமல் காத்திருக்கலாம். சாயம் சரியென்றால் அந்த மனிதர் உள்ளே மூழ்கிக்கொண்டிருக்கிறார்.

பெரியப்பாவிடம் காட்டினேன்.

"சாயம் ரத்தக் குழாயை விட்டு வெளியே கசியும்மா. அதான் கூடக் காட்டுது. இது தெரியாதா உனக்கு?"

"கசிவைக் கழிக்கத்தானே நாலு தடவை ரத்தம் எடுத்தோம் பெரியப்பா? கழிச்ச பிறகுதான் இந்த அளவு."

"சூத்திரத்துல வித்தியாசம் வந்தா சாயத்தைச் சந்தேகப்படு. வியாழக்கிழமை ரெண்டாவது அளவு. அதுவரைக்கும் மாத்திரை கிடையாது."

சாயம் கசியும் என்பதும் பொய் இல்லை. அந்த அரை உண்மையைப் பிடித்துக்கொண்டு நானும் வாயை மூடிக்கொண்டேன். டிரைவரால் இப்போது படுக்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தே தூங்குகிறார். சிரிக்கவைப்பதையும் நிறுத்திவிட்டார். அவர் மனைவி, "பெரிய டாக்டரு ரெண்டு வேளையும் வந்து பாக்குறாரு, நாங்க குடுத்து வச்சவங்க" என்கிறாள்.

ஒரு வரியாவது எழுது அக்கா.

தங்கை


மார்ச் 31

அக்கா,

டிரைவர் இறந்துவிட்டார். புதன்கிழமை மதியம், சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துப்போகும் நேரத்தில். வாயிலும் மூக்கிலும் இளஞ்சிவப்பாக நுரை தள்ளியது. நான் நீர் மருந்தை ஊசியாகப் போட்டேன், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என் கை, சட்டை முன்பக்கம், கடிகாரப் பட்டை எல்லாவற்றிலும் அந்த நுரை.

பெரியப்பா வந்து பார்த்தார். "த்ச்" என்றார். அக்கா, அது இரக்கத்தில் வந்த "த்ச்" இல்லை. பேருந்தைத் தவறவிட்டவர் சொல்வது.

"ரெண்டாவது அளவு எடுக்கல இல்ல? அப்ப இவரு ஆய்வை முடிக்காதவர். பட்டியல்ல இருந்து எடுத்துடு."

எடுத்துவிட்டேன். அவரை எடுத்ததும் இரண்டு வழியும் அழகாக ஒத்துப்போகின்றன.

சோப்புப் போட்டுப் போட்டு என் விரல்கள் வெடித்துவிட்டன. சோப்பு நுரையைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் கழுவுகிறேன். அம்மா என்னவென்று கேட்கிறாள். ஒன்றுமில்லை என்கிறேன்.

நீ சுகமாக இருந்தால் சரி.


ஏப்ரல் 16

தங்கச்சிக்கு,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். உன் மூன்று கடிதங்களும் வந்தன. முதலாவதைப் படித்துவிட்டு மடித்து வைத்தேன். இரண்டாவதைப் பிரிக்கவே இல்லை. பிரித்திருந்தால் "மாத்திரையைக் கொடு" என்று உனக்கு ஒரு தந்தியாவது அடித்திருப்பேன். மூன்றாவது வந்த பிறகுதான் இரண்டையும் சேர்த்துப் படித்தேன். இதை நான் என்னோடு வைத்துக்கொள்கிறேன், நீ எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம்.

நான் "உதவினேன்" என்று உன் பெரியப்பா சொன்னாரா? எப்படி என்று சொல்கிறேன்.

சூத்திரம் உண்டாக்க அவருக்கு ஆரோக்கியமானவர்கள் தேவைப்பட்டார்கள். மாணவர்கள் ஒரு தடவை வந்தார்கள், இரண்டு தடவை வந்தார்கள், பிறகு ஒளிந்துகொண்டார்கள். "வீட்டுலயே ஒரு ஆரோக்கியம் உக்காந்து திங்குது, நான் ஏன் வெளிய தேடணும்?" என்றார். அப்போது நான் கல்லூரியில் முதல் வருஷம். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு என் கையை அதன்மேல் நீட்டவைப்பார். வலது கையில் சாயம், இடது கையில் ரத்தம். அம்மா என் தோளைப் பிடித்துக்கொள்வாள். "அசையாதடி, அப்பாதானே" என்பாள்.

ஒரு தடவை இல்லை. ஒரு வருஷத்துக்கும் மேல். அந்தச் சாயம் லேசில் போகாது. ஒன்று வெளுப்பதற்குள் அடுத்தது. தோல் சாம்பல் நீலமாகிவிட்டது. நகம் நீலம், கண்ணின் வெள்ளை நீலம். செத்து மூன்று நாளான மீன் மாதிரி இருந்தேன். கல்லூரியில் எனக்கு "மைப்புட்டி" என்று பெயர். என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஒட்டிக்கொள்ளும் என்று வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். குளிக்கும்போது கீழே குனிந்து பார்க்க மாட்டேன். என் உடம்பை எனக்கே தொடப் பிடிக்காது. நீ சின்னப் பெண், "அக்கா ஏன் வெயில்லயும் முழுக்கைச் சட்டை போடுறா?" என்று கேட்டது உனக்கு நினைவிருக்காது.

"போதும்ப்பா" என்றேன் ஒரு நாள். "இன்னும் ரெண்டு அளவுதான்" என்றார். திட்டவில்லை, அடிக்கவில்லை. நான் பேசியதாகவே அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மாவிடம் சொன்னார்: "மூணாம் நம்பர் இந்த மாசம் ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கு. ரொட்டி இன்னும் ரெண்டு வை." அம்மா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. திரும்பி என் தட்டில் வைத்தாள். அவர்கள் இருவருக்கும் பழகிப்போயிருந்த பெயர் அது. அந்த ரொட்டியை என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

படிப்பு முடிந்ததும் கிளம்பிவிட்டேன். உன் வார்டில் எல்லாரையும் அளக்கிற அந்தச் சூத்திரத்தில் நான் இருக்கிறேன். ஆரோக்கியமானவர் எண் மூன்று.

விரல்களுக்கு எண்ணெய் தடவு. சித்தியிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே.

அக்கா


மே 8

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் பல தாள்களைக் கிழித்துப் போட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அதைப் படித்த நாளிலிருந்து பெரியப்பா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான் உட்காரவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்கிறேன். பொய்யும் இல்லை.

உடம்பு நலம். அம்மாவும் அப்படியே. இப்போது நடந்ததைக் கேள்.

போன வாரம் மருத்துவர்கள் மாநாடு. பெரியப்பா மேடையில் சூத்திரத்தை விளக்கினார். திரையில் புள்ளிகள் வரிசையாக, கோட்டின்மேல் எறும்பு ஊர்கிற மாதிரி. "சந்தேகம் உண்டா?" என்று கேட்டதும் நான் எழுந்துவிட்டேன். சொன்னேன்: "இதுல இருந்து ஒரு நோயாளியோட அளவை நீக்கிட்டோம். உடம்பு வீங்கி, ரத்தம் கெட்டிப்பட்டவர். சூத்திரம் அவருக்கு ஒரு லிட்டர் குறைச்சுக் காட்டுச்சு. அதை நம்பி மருந்தை நிறுத்தி வச்சோம். அவர் இறந்துட்டார். இந்தச் சூத்திரம் நல்லா இருக்கிறவங்களுக்குத்தான் பொருந்தும். யாருக்கு அளவு உண்மையிலேயே தேவையோ அவங்களுக்குப் பொருந்தாது."

இன்றோடு எல்லாம் முடிந்தது, நாளைக்கு அம்மாவோடு தெருவில் நிற்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

பெரியப்பா சிரித்தார், அக்கா.

"சபாஷ்! இதை நானே கடைசில சொல்லணும்னு வச்சிருந்தேன். என் மாணவி முந்திக்கிட்டா. தன் சூத்திரத்தை முதல்ல தானே சந்தேகப்படறவன்தான் விஞ்ஞானி. வீங்கிய நோயாளிக்கு இதைப் பயன்படுத்தக்கூடாது. இதுதான் என் ஆய்வோட உண்மையான கண்டுபிடிப்பு."

எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒரு கிழட்டு டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரிய பூங்கொத்து கொடுத்தார்கள். அதிலிருந்து ஒரு பூவை உருவி என் கையில் கொடுத்தார். இப்படி ஒரு குரு கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ என்று ஓர் அம்மாள் என் கன்னத்தைத் தட்டினாள். கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

திரும்பும்போது காரில் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வந்தார். "நல்லாப் பேசினே. கட்டுரைல உன் பேரும் போட்டுடலாம்" என்றார்.

"அவர் செத்துட்டார் பெரியப்பா" என்றேன்.

"அதனாலதானே அந்த அளவுக்கு மதிப்பு."

கோபமாகவோ கேலியாகவோ சொல்லவில்லை. எனக்குப் பாடம் சொல்லித் தருகிற குரலில் சொன்னார். கார் நின்றதும் இறங்கித் தெருவோரத்தில் துப்பினேன். துப்பத் துப்ப வாய் சுத்தமாகவில்லை.

இனி என்ன செய்வதென்று தெரியவில்லை.

தங்கை


மே 21

தங்கச்சிக்கு,

சுகம்.

அவர் எதையும் வீணாக்க மாட்டார். அது அவருடைய பெரிய குணம். மகளின் ரத்தம், டிரைவரின் சாவு, உன் துணிச்சல் எல்லாமே அவருக்குச் சரக்குத்தான். நீ கல் எறிந்தாய், அவர் அதையும் எடுத்துத் தன் வீட்டுச் சுவரில் வைத்துப் பூசிவிட்டார்.

நீ சொன்னதெல்லாம் அந்த அரங்கத்துக்குள்ளே இருக்கிற டாக்டர்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்த டிரைவரின் மனைவிக்குத் தெரியுமா?

இதைச் செய் என்று நான் சொல்லவில்லை. வேலை போனாலும், குடியிருக்கிற வீடு போனாலும் கஷ்டம் உனக்கும் சித்திக்கும்தான். கேட்கிறேன், அவ்வளவுதான்.

சாப்பிடு.

அக்கா


ஜூன் 17

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தின் மேலே புது முகவரி இருப்பதைப் பார்த்திருப்பாய். இருவரும் நலம்.

டிரைவரின் மனைவி ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறாள். அங்கேதான் போய்ப் பார்த்தேன். ஒரே ஆவி. என்னைக் கண்டதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரிய டாக்டரு எப்படி இருக்காரு? கடைசிவரைக்கும் காலைப் புடிச்சுப் புடிச்சுப் பாத்தாரே, பெத்த புள்ளகூட அப்படிச் செய்யாது" என்றாள். அக்கா, அந்த நன்றியைக் கேட்கிறபோது வந்த அருவருப்பு அந்த நுரையைத் தொட்டபோதுகூட வரவில்லை. அது பெரியப்பாமேல் மட்டும் வந்ததில்லை.

சொல்லிவிட்டேன். மாத்திரையை ஏன் நிறுத்தினோம், யார் நிறுத்தச் சொன்னது, எனக்கு எப்போது தெரியும், எல்லாமே.

அவள் பெட்டியை எடுத்து ஒரு விரிப்பை முழுக்கத் தேய்த்து முடித்தாள். மடித்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப அவரு காலை அமுக்கிப் பாத்தது வைத்தியம் இல்லையா?"

"இல்லம்மா. ஆய்வுக்காக."

"எங்க வீட்டுக்காரருக்கு அது தெரியுமா?"

"தெரியாது. சின்ன ஊசின்னுதான் சொன்னோம்."

"நீங்களும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தீங்க."

"ஆமா."

"போயிருங்க" என்றாள். வாசல்வரை போய்விட்டேன். "நில்லுங்க. என் தம்பி சாயந்திரம் வருவான். அவன் முன்னால இதே மாதிரி, ஒண்ணு விடாமச் சொல்லணும். அழுவக்கூடாது. நீங்க அழுதா நாங்க உங்களைத் தேத்தணும், அதுக்கு எனக்குத் தெம்பு இல்லை."

அழாமல் சொன்னேன். அவர்கள் புகார் கொடுத்தார்கள். நான் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன். மருத்துவமனைக்கு வெளியே இருந்து ஆட்களைப் போட்டு விசாரணைக் குழு அமைத்திருக்கிறார்கள். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். குழு என்மேல் என்ன முடிவு எடுத்தாலும் நியாயந்தான்.

அம்மாவிடம் சொன்னபோது ஆடித் தீர்த்தாள். "உப்பிட்ட மனுஷன்டி! தின்ன வீட்டுக்கு ரெண்டகம் பண்ணுவியா? உங்கப்பா போனப்ப நம்மளை யாரு ஏறெடுத்துப் பாத்தா?" என்று பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். அப்புறம் போய்ப் பார்த்தால் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். "உனக்குச் செரிக்காத சோறு எனக்கு மட்டும் எப்படிடி செரிக்கும்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமல், "உங்கக்கா கை நீலமா இருந்துச்சு. நான் பாத்தேன். ஒரு வார்த்தை கேக்கல" என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை அக்கா, அவளாகவே சொன்னது.

இப்போது சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறை. கிரீஸ் வாசனை. படி அதிகம், அம்மாவின் முழங்கால் என்னைச் சபிக்கிறது.

குழு ஒன்று கேட்டது, சூத்திரத்துக்கு அடிப்படையான அந்த ஆரோக்கியமானவர்கள் யார், சம்மதம் வாங்கப்பட்டதா என்று. அதை அவரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். உன் கையைப் பற்றிப் பேசுவதா வேண்டாமா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும்.

உன் தங்கை


ஜூலை 12

அன்பு மகளுக்கு,

நலமே விளைக. உன் தேக ஆரோக்கியம் எப்படி இருக்கிறது? எனக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் என் வயதுக்கு வியக்கத்தக்க அளவில் இருக்கின்றன. நம் வீட்டு மாடி காலியாக இருக்கிறது. ஆட்கள் வருவதும் போவதும் இயற்கை.

நீ போன பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது என்பதை உணர்கிறேன். வேலை மிகுதி. நீ தவறாக எண்ணியிருக்க மாட்டாய்.

உன் சித்தி மகள் சில மனக்குழப்பங்களுக்கு ஆளாகியிருக்கிறாள். இளம் வயது. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவளால் ஒரு குழு என் பழைய ஆய்வுகளைக் கிளறிக்கொண்டிருக்கிறது. அதில் ஆரோக்கியமானவர்களாகப் பங்கெடுத்தவர்களின் சம்மதம் குறித்துக் கேட்கிறார்கள். மற்றவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். உன் முகவரி என்னிடம் இருப்பது நல்லதாயிற்று.

இத்துடன் தட்டச்சு செய்த ஒரு தாள் இருக்கிறது. "என்னைக் கேட்டபோது நான் முழு மனதுடன் சம்மதித்தேன்" என்பதே அதன் சாரம். அடியில் கையொப்பமிட்டு அனுப்பு. சம்மதமா என்று கேட்பதுகூட வெறும் முறைக்குத்தான். சிறு வயதிலிருந்தே நீ ஒத்துழைப்பவள். மற்றவர்கள் ஓடிப்போனபோதும் நீ அசையாமல் இருந்தாய். உன் தாயும் அதைச் சொல்லிப் பெருமைப்படுவாள்.

இன்னொரு சிறு விஷயம். உன் எடை இப்போது என்ன? ஒரே நபரை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் அளந்து ஒப்பிட்டவர்கள் எவரும் இல்லை. நீ ஒரு நாள் வந்து போனால் அரிய தகவலாக இருக்கும். ஒரு சின்ன ஊசிதான்.

மறுதபாலில் தாளை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா


ஜூலை 23

அப்பாவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கும் குறைவில்லை என்று தெரிகிறது, கையெழுத்தில் நடுக்கமே இல்லை.

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். எடையைக் கேட்ட வரிக்கு வந்ததும் வெளியே போய் நின்றுவிட்டேன். கண்ணாடி போட வந்த ஒரு பெண் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். முதுகைத் தடவலாமா என்று என்னிடம் கேட்டுவிட்டுத் தடவினாள்.

உங்கள் கடிதத்தையும் அந்தத் தாளையும் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். சாப்பாட்டு மேஜையில் நடந்ததையும் என் கைப்பட எழுதி, என் பெயரைப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அடுத்த வாரம் நேரிலும் வந்து சொல்வேன். சித்தியோடு அந்த அறையில்தான் தங்குவேன். நீங்கள் அங்கே வர வேண்டாம்.

தாளில் "என்னைக் கேட்டபோது" என்று இருக்கிறது. எப்போது கேட்டீர்கள் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். அந்த ஒரு வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அகப்படவில்லை. வெறும் முறைக்காக என்றாலும், சம்மதமா என்று நீங்கள் என்னைக் கேட்டிருப்பது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

சம்மதம் இல்லை.

மகள்